பிளாக்பூல் புரோமனேட்: பப்புகளெல்லாம் எங்கே போயின?

அக்டோபர் 7: ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் குடும்பத்தோடு இங்கிலாந்தின் கடலோர ஊரான பிளாக்பூலுக்கு விளக்கு அலங்காரம் பார்க்கப் போயிருந்தோம். புரோமனேட் என்ற கடலோரச் சாலையில், டவரிலிருந்து சென்ட்ரல் பியர் (கடலுக்குள் நீளும் பாலம்) வரை நடந்தும் பழைய மரக் கவுன்டரும் பித்தளைக் கைப்பிடியும் வைத்த ஒரு பப் கண்ணில் படவில்லை. எல்லாம் சூதாட்ட மிஷின், டோனட், கரோக்கி. பப்புக்குள் சிகரெட் பிடிக்கத் தடை வந்துதான் எல்லாம் செத்தது என்று டாக்சிக்காரர் அடித்துச் சொன்னார். உண்மையா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 8, இரவு

டாக்சிக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை. தடை வந்தது 2007இல். புரோமனேட்டின் பெரிய பப்புகள் பல அதற்கு வெகு முன்பே இடிந்து போய்விட்டன.

பிரஸ்டனில் படித்த காலத்தில் வார இறுதிகளில் பிளாக்பூலுக்கு ரயிலேறி, கடலைப் பார்த்த ஒரு பப்பில் கிளாஸ் எடுக்கும் வேலை பார்த்தேன். பப் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். காலி பைன்ட் கிளாஸ்களை (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும்) ஒன்றுக்குள் ஒன்று செருகி, தோள் உயரத்துக்குக் கோபுரம் கட்டி, கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே ரொம்ப வருஷமாக பீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா உண்டு. அவர் பாதி நேரம் பேசியது இல்லாத பப்புகளைப் பற்றித்தான். பேலட்டைன், கவுன்டி, ஃபாக்ஸ்ஹால் என்று செத்துப்போன சொந்தக்காரர்களைப் போல வரிசையாகச் சொல்வார்.

சர்ச் ஸ்ட்ரீட் முனையில் இருந்த கவுன்டியை 1960களில் இடித்தார்கள். பேலட்டைன் 1970களில் போனது. ஃபாக்ஸ்ஹால்தான் பெரிய இழப்பு. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் டில்டெஸ்லி என்ற ராஜவிசுவாசக் குடும்பம் கடலோரத்தில் கட்டிய வீடு அது, ஊர் என்று ஒன்று உருவாகும் முன்பே நின்றது. பிறகு பப் ஆனது, பலமுறை மாற்றிக் கட்டினார்கள், 1990 வாக்கில் தரைமட்டம். அப்போது பப்புக்குள் தாராளமாகப் புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் என்று நான் நினைப்பது இது: கடலைப் பார்த்த முகப்பு. அந்தச் சாலையில் ஒவ்வொரு அடி முகப்பும் பணம். 1960இல் வந்த சூதாட்டச் சட்டம் சின்னப் பரிசு தரும் மிஷின்களை அனுமதித்தது. ஒருவர் ஒரு பைன்ட் பீரை வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலைப் பார்ப்பார். அதே இடத்தில் மிஷின் வைத்தால் நாற்காலி வேண்டாம், கிளாஸ் கழுவ வேண்டாம், போதையில் விழுந்தவரைத் தூக்க வேண்டாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இன்னொன்று ரயில். டவருக்குப் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் இருந்தது, 14 பிளாட்ஃபாரம். வண்டியை விட்டு இறங்கினால் நேரே புரோமனேட், முதல் கதவு பப். 1964 நவம்பரில் ஸ்டேஷனை மூடினார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்களே கோரல் ஐலண்ட், அந்த மிஷின் அரண்மனை? அது நிற்பது பழைய ஸ்டேஷன் நிலத்தில்தான்.

அக்டோபர் 9, மதியம்

மேலே ஒரு தம்பி, யேட்ஸ் வைன் லாட்ஜ் என்ற பழைய மதுக்கூடத்தையும் சிகரெட் தடைதான் மூடியது என்று எழுதியிருக்கிறார். இல்லை தம்பி, அது எரிந்தது. 2009 பிப்ரவரி. டால்பட் சதுக்கத்தில், நார்த் பியருக்கு எதிரே, 1860களில் அசெம்பிளி ரூம்ஸ் என்று கட்டிய கட்டடம், பிறகு தியேட்டர். 1896இல் யேட்ஸ் அங்கே வைன் லாட்ஜ் திறந்தது. கறாராகப் பார்த்தால் புரோமனேட் முகவரி கிடையாது, ஆனால் கடல் காற்று நேராக உள்ளே வரும், அதனால் என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். தீ பிடித்தபோது நான் பிளாக்பூல் வேலையை விட்டுவிட்டேன். செய்தியில் கூரை சரிவதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது, அவருக்கு யேட்ஸைக் கண்டாலே ஆகாது. "வைன் விற்கிறவன் எல்லாம் பப் நடத்துறானாம்" என்பார்.

யேட்ஸ் நிறுவனம் லங்காஷயர் நெசவு ஊரான ஓல்டமில் 1884இல் தொடங்கியது. ஆரம்பித்த பீட்டர் யேட்ஸ் "அளவோடு குடிப்பதே உண்மையான மதுவிலக்கு" என்பதையே கொள்கையாக்கி, தன் கடைகளில் எழுதியும் வைத்தவர். மதுவிலக்குப் பிரசாரம் சூடாக இருந்த காலம் அது. சாராயக் கடைக்காரரே மதுவிலக்கு வசனம் எழுதினால் சண்டைக்கு வருகிறவர் எங்கே போவார்!

பிளாக்பூல் கிளையில் ஷாம்பெயினைக் குழாயில் ஊற்றி கிளாஸ் கணக்கில் விற்றார்கள். நெசவு ஆலையில் வருஷம் முழுக்க வேலை பார்த்தவர் விடுமுறைக்கு வரும் அந்த ஒரு வாரம் ஷாம்பெயின் கேட்கலாம், பாட்டில் வாங்க வேண்டியதில்லை. யார் யோசனையோ, பிழைக்கத் தெரிந்தவர்.

அக்டோபர் 9, இரவு

பிளாப் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். யேட்ஸின் அடையாள பானம். ஆஸ்திரேலியாவின் இனிப்பான, கொஞ்சம் கனமான வெள்ளை வைன், சர்க்கரை, எலுமிச்சை, வெந்நீர். கடலோரக் குளிரில் விறைத்து வந்தவருக்கு. நான் ஒருமுறை குடித்துப் பார்த்தேன், இருமலுக்குக் கொடுக்கிற சிரப் ஞாபகம் வந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 12

ஓல்டமில் இருக்கும் ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: முகப்பு விலைதான் காரணம் என்றால், அந்த முகப்பு 1900இலும் விலை உயர்ந்ததுதானே, அப்போது பப்புகள் எப்படி நின்றன?

இதை யோசித்தபடியே இரண்டு மூன்று நாள் போய்விட்டது. முகப்பு மட்டும் போதாது. வாடிக்கையாளர் யார் என்று பார்க்க வேண்டும்.

பப் என்றால் தெருமுனை, தினமும் வரும் அதே பத்து முகம் என்றுதான் நினைப்போம். புரோமனேட் பப்புக்கு அப்படி யாரும் கிடையாது, ஒவ்வொரு சனிக்கிழமையும் புது ஜனம், அதனால் அதற்கு வேர் இல்லை என்றுதான் நானும் முதலில் வைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த அம்மா சொன்ன கதைகளில் எல்லாரும் தெரிந்த முகங்களாக இருந்தார்கள். "பர்ன்லிக்காரங்க வர்ற வாரம்", "போல்டன்காரங்க வாரம்" என்றுதான் அவர் காலத்தைக் கணக்கிடுவார்.

வேக்ஸ் வீக் என்பது இதுதான். லங்காஷயர் நெசவு நகரங்கள் ஒவ்வொன்றும் கோடையில் ஒரு வாரம் முழு ஊரையும் மூடும். பாய்லரை அணைத்து, இயந்திரத்தைப் பழுது பார்ப்பார்கள். ஒரே வாரத்தில் எல்லா ஊரும் மூடினால் ரயிலும் தாங்காது, பிளாக்பூலும் தாங்காது. அதனால் முறை வைத்து, இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர். சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டமே 1938இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த வாரத்துக்கு வருமானம் கிடையாது. வருஷம் முழுக்க ஆலையிலேயே வாரா வாரம் சில்லறை கட்டிச் சேர்ப்பார்கள், நம் ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி. சீட்டை எடுத்ததும் குடும்பத்தோடு ரயிலேறி, போன வருஷம் தங்கிய அதே வீட்டில் தங்கி, அதே பப்பில் அதே மேஜைக்கு வருவார்கள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஊரில் அடுத்த தெருக்காரர்.

ஆக அங்கேயும் வாடிக்கையாளர் இருந்தார், வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் வரும் வாடிக்கையாளர். எந்த வாரம் எந்த ஊர், அவர்கள் எந்த பீர் கேட்பார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள் என்பதெல்லாம் கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும். பெரிய பெரிய ஹால்களாகக் கட்டியது இந்தக் கணக்கில்தான். ஒரு ஊரே வந்து உட்கார வேண்டும்.

ஆலைகள் 1950களிலிருந்து வரிசையாக மூடின. பிறகு ஸ்பெயினுக்கு மலிவு விமானம். பள்ளி விடுமுறைகளும் ஊருக்கு ஊர் மாறாமல் ஒரே மாதிரி ஆனதும் வேக்ஸ் வீக் பெயரளவுக்குக்கூட நிற்கவில்லை. பிளாக்பூலுக்குக் கூட்டம் வருவது நிற்கவில்லை, அதைக் கவனியுங்கள். இன்றும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஆனால் ஓர் ஊராக வருவதில்லை. தனித்தனியாக வருகிறவர்களை மிஷினும் டோனட்டும் கவனித்துக்கொள்ளும், பப் தேவைப்படவில்லை. அக்காவின் கேள்விக்கு என் பதில் இது.

அக்டோபர் 12, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் விட்டுப்போனது: 1937இல் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக் குழு போல்டன் தொழிலாளர்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தது. விடுமுறைக்கு அவர்கள் பிளாக்பூல் போனபோது இவர்களும் பின்னாலேயே போனார்கள். போல்டன் பப்புகளில் ஒருவர் ஒரு பைன்ட் குடிக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள். ஒரே மேஜையில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குடித்து, ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்தார்கள். ரவுண்டு பழக்கம்தான் காரணம். ஆளுக்கு ஒரு முறை மேஜைக்கே வாங்க வேண்டும், யாரும் பின்தங்கக் கூடாது.

ஆறு பேர் மேஜையில் மாணவன் ஒருவன் மாட்டினால் அவன் கதி என்ன என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. அந்த வயதில் நான் "டேப்லெட் சாப்பிடுகிறேன், குடிக்கக் கூடாது" என்று சொல்லித் தப்பித்த இரவுகள் நிறைய.

அக்டோபர் 14

சரி, சிகரெட் தடைக்கு வருவோம். டாக்சிக்காரருக்குக் கால்வாசி மதிப்பெண் கொடுத்தேனே, அதற்கு விளக்கம்.

2007 ஜூலை 1, ஞாயிறு காலை ஆறு மணிக்கு இங்கிலாந்தில் தடை அமலுக்கு வந்தது. முந்தைய சனி இரவு நான் வேலையில் இருந்தேன். எல்லாரும் கடைசி முறை என்று புகைத்துத் தள்ளினார்கள். வாழ்க்கையில் சிகரெட்டைத் தொடாத ஒரு பாட்டி யாரிடமோ வாங்கிப் பற்றவைத்து இருமிக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார். சாம்பல் கிண்ணங்களை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு போனார்கள், முதலாளி கதவருகே நின்று பறித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் உள்ளே நுழைந்ததும் குடலைப் பிரட்டியது. அத்தனை வருஷம் புகை மறைத்துவைத்திருந்த வாசனைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கம்பளத்தில் ஊறிய பீர், வியர்வை, கழிப்பறை, பொரித்த எண்ணெய். கம்பளத்தை ஏன் அவ்வளவு பூப்போட்டு, சிவப்பும் பழுப்புமாக நெய்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. எதைக் கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

ஊருக்குள் இருக்கும் பப்புகளுக்குப் பின்பக்கம் ஒரு முற்றமாவது இருக்கும். அங்கே கூரை போட்டு, ஹீட்டர் மாட்டி, புகைக்கிறவர்களை உட்கார வைத்துவிட்டார்கள். புரோமனேட் பப்புக்கு அந்த வசதி கிடையாது. முகப்பு விலை என்றேனே, மனையின் கடைசி அடி வரை கட்டியிருப்பார்கள். பின்னால் குப்பைத் தொட்டி வைக்க ஒரு சந்து, முன்னால் நடைபாதை, அதற்கப்பால் ஐரிஷ் கடல். எங்கள் பப்பில் கிளாஸை வெளியே எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். ஜனவரி மாதத்தில் கடல் காற்று முகத்தில் அறைய, பீரை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்று ஒரு சிகரெட். இரண்டு முறை அப்படி நின்றவர் மூன்றாம் முறை சூப்பர்மார்க்கெட் பீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

எனவே தடை கொன்றது என்பதைவிட, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை உட்கார வைத்துவிட்டது என்பதே சரி. கூடவே 2008இலிருந்து சில வருஷம் பீர் வரியை விலைவாசியைவிட வேகமாக ஏற்றினார்கள். இது கடலோர ஊருக்கு மட்டுமான துயரம் கிடையாது, நாடு முழுக்க 2000இல் 60,000க்கு மேல் இருந்த பப்புகள் இப்போது 46,000க்கும் கீழே.

அக்டோபர் 15

"இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறீர்களே, எங்கள் தெரு டாஸ்மாக் பாரைப் பற்றி யார் எழுதுவார்கள்?" என்று கேட்டவருக்கு: நீங்கள்தான் எழுத வேண்டும் அண்ணா. அது மூடின பிறகு எழுதினால் நினைவு, மூடுவதற்கு முன் எழுதினால் புகார். எது வசதியோ பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 22

முப்பது வருஷத்துக்கு மேல் லங்காஷயரில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். இங்கே எழுதச் சம்மதித்தார், பெயர் வேண்டாம் என்றார். சாரம் இதுதான்: "நீங்கள் எல்லாரும் அந்த பப்புகளை இழந்துவிட்டதாக எழுதுகிறீர்கள். எங்களில் பலருக்கு அவை ஒருபோதும் கிடைக்கவே இல்லை."

ஐயா சொல்வது நியாயம். 1965 வரை ஒரு பப், தோல் நிறத்தைப் பார்த்து உங்களுக்கு பீர் இல்லை என்று சொன்னால் சட்டம் தடுக்காது. அந்த வருஷத்து இனப் பாகுபாட்டுச் சட்டம்தான் பப், ஓட்டல் போன்ற பொது இடங்களில் அதைத் தவறாக்கியது. சட்டம் வந்த மறுநாளே கதவு திறந்துவிடுமா என்ன? அவர் பணிக்கு வந்தபோது சட்டம் இருந்தது. கவுன்டரில் நின்றால் எல்லாருக்கும் ஊற்றிய பிறகுதான் இவர் பக்கம் திரும்புவார்கள். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார்களாம், காத்திருக்க வைப்பார்களாம். நண்பர்களோடு கடற்கரைக்குப் போனால் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வந்துவிடுவாராம்.

பெண்கள் கதையும் உண்டு. வால்ட் என்று ஒரு அறை இருக்கும், தரையில் கம்பளம் கிடையாது, பீர் விலை கொஞ்சம் குறைவு, ஆண்கள் மட்டும். எழுதி வைத்த விதி இல்லாத இடத்திலும் பெண் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். 1975இல் பாலினப் பாகுபாட்டுச் சட்டம் வந்த பிறகும் லண்டனில் ஒரு வைன் பார் பெண்களுக்குக் கவுன்டரில் ஊற்ற மறுத்து, 1982இல் நீதிமன்றம் சொல்லித்தான் நிறுத்தியது. நம்ம அம்மா அந்த வால்ட் அறைகளில் பீர் ஊற்றலாம், வாங்கிக் குடிக்க முடியாது. அதை அவர் கோபமாகச் சொல்லிக் கேட்டதில்லை, சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குத்தான் கோபம் வந்தது.

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் பழைய குறிப்புகளைத் திரும்பப் பார்த்தேன். "ஓர் ஊரே வந்து உட்காரும்" என்று குஷியாக எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் யார் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை என்பதும் அதே கதையில்தான் வருகிறது. ஓல்டம், போல்டன் ஆலைகளில் 1960களில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களில் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் கணிசம். வேக்ஸ் வாரம் அவர்களுக்கும் விடுமுறைதான்.

அக்டோபர் 23

பப் பெயர் வேண்டாம் என்றேனே, அந்தக் காரணம் எங்கே என்று ஒருவர் நினைவூட்டுகிறார். முதலாளிதான் காரணம், பெரிசாக ஒன்றும் இல்லை. உடைந்த கிளாஸுக்கு எங்கள் சம்பளத்தில் பிடிப்பார். வாடிக்கையாளர் உடைத்தாலும் அந்தப் பக்கம் கிளாஸ் எடுக்கிறவன் கணக்கில்தான். ஒரு கல்யாணப் பெண் கூட்டம் வந்த இரவில் என் சம்பளத்தில் பாதி காலி. பிடிக்க அவருக்கு உரிமை உண்டா என்று கேட்கக்கூடத் தெரியாத வயது.

அக்டோபர் 28

கல்யாணப் பெண் கூட்டம் என்றதும் ஒன்று தோன்றுகிறது. 1990களிலிருந்து பிளாக்பூல் இரவுகளைத் தூக்கி நிறுத்தியது இந்த ஸ்டாக், ஹென் பார்ட்டிகள்தான், அதாவது கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் தனித்தனியாக நண்பர்களோடு குடித்துக் கூத்தடிக்கிற வார இறுதி. பணம் கொட்டும். ஆனால் மாப்பிள்ளை அடுத்த வருஷமும் வருவாரா? வந்தால் அது வேறு பிரச்சினை. வருஷா வருஷம் வந்தவர் போய், ஆயுளுக்கு ஒரு முறை வருகிறவர் வந்தார். அவருக்கு ஜன்னலோர மேஜை வேண்டாம், சத்தமும் மலிவான வோட்காவும் போதும். பழைய பப்புகளைக் குடைந்து டான்ஸ் பார் ஆக்கினார்கள். சுவர் இருக்கிறது, பெயர் மாறிவிட்டது. இதை இடித்ததோடு சேர்ப்பதா கூடாதா என்று எனக்கே குழப்பம்.

வருஷத்துக்கு ஒரு வாரம் வரும் இன்னொரு கூட்டமும் இருந்தது: அரசியல்வாதிகள். கட்சி மாநாடுகளை விண்டர் கார்டன்ஸ் என்ற பெரிய அரங்கத்தில் நடத்துவார்கள். இலையுதிர் காலம், சீசன் முடிகிற நேரம், அறை வாடகையும் குறைவு. பெரிய தலைகள் நார்த் ஷோரில் இம்பீரியல் ஓட்டலில் தங்குவார்கள். அங்கே பிரதமர்கள் ஞாபகமாக நம்பர் 10 என்று ஒரு பாரே உண்டு. இலையுதிர் மாநாட்டுக்கு லேபர் கட்சி கடைசியாக 2002இல் வந்தது, கன்சர்வேடிவ் 2007இல். அந்த 2007 வாரம் எங்கள் பப்புக்கும் கோட் போட்டவர்கள் சிலர் தப்பி வந்தார்கள். புகைக்க வெளியே போய், காற்றில் டை முகத்தில் அடிக்க நின்றதைப் பார்த்து அம்மாவுக்கு அப்படிச் சிரிப்பு.

இவர்களும் வேக்ஸ் வீக் ஜனம்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரு வாரம், அதே ஓட்டல், அதே பார், பக்கத்து மேஜையில் அதே தொகுதிக்காரர்.

அக்டோபர் 29

"எல்லாம் போய்விட்டது என்று அழ வேண்டாம், டவர் பக்கத்தில் வெதர்ஸ்பூன் ஜே ஜே என்று இருக்கிறதே" என்பவருக்கு. ஆமாம், அந்த வெதர்ஸ்பூன் கிளையின் பெயர் ஆல்பர்ட் அண்ட் தி லயன். 2010இல் திறந்தது. அந்தக் கட்டடம் 1938இல் உல்வொர்த்ஸ் கடைக்காகக் கட்டியது. ஆக பப் கடையாவது மட்டுமில்லை, கடை பப்பாவதும் நடக்கிறது. முகப்பு விலை பற்றிய என் வாதத்துக்கு இது ஒரு குத்து, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நாடு முழுக்கக் கிளை வைத்து, மொத்தமாக வாங்கி, காலை உணவிலிருந்தே கல்லாவைத் திறந்துவைக்க முடிந்தவருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகும். தனியாக ஒரு பப் நடத்துகிற லேண்ட்லார்டுக்கு ஆகாது.

முன்பெல்லாம் இப்படி நாள் முழுக்கத் திறக்கவும் முடியாது. முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று கொண்டுவந்த மதிய மூடல், 1988 வரை நீடித்தது. மூன்று மணிக்கு மணியடித்தால் எல்லாரும் வெளியே. மழை நாளில் மூன்று மணிக்கு புரோமனேட்டில் நனைந்த ஜனம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்குமாம். மிஷின் அரங்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, கதவு திறந்தே இருக்கும். முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

டவரின் அடியிலேயே டவர் லவுஞ்ச் என்று ஒரு பெரிய பார் இருந்ததை யாரும் கேட்கவில்லை. அதுவும் போய், அங்கே மீனும் சிப்ஸும் வந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அங்கே கால் வைத்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

நவம்பர் 5

மனிதர்கள் மூடியதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கடல் வாங்கிக்கொண்டதும் உண்டு. வடக்கே போகப் போக புரோமனேட் மேடாகி, களிமண் பாறை விளிம்பு வரும். அங்கே விளிம்பிலேயே அங்கிள் டாம்ஸ் கேபின் இருந்தது. பாட்டு, நடனம், கூரை மேல் மரப் பொம்மைகள். அலை அடித்து அடித்து மண் சரிந்து, கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே இடமே இல்லாமல் போனது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதைக் கலைத்துவிட்டு, சாலைக்கு உள்பக்கம் அதே பெயரில் புதிதாகக் கட்டினார்கள்.

அதற்குத் தெற்கே கின் இன் என்ற சத்திரம், 1921இல் இடித்தார்கள். 1833இல் புயலில் தத்தளித்த ஒரு ஸ்காட்லாந்துக் கப்பல், அந்தச் சத்திரத்து ஜன்னலில் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக் கரை சேர்ந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அப்படி ஒரு பயன்.

இடிக்கக் காரணம் சாலை. இன்று அந்த இடம் வாகனங்கள் சுற்றிப்போகும் கின் ஸ்கொயர்.

நவம்பர் 12

முதலில் கேள்வி கேட்ட நண்பர் மறுபடி போகப் போகிறாராம், எதைப் பார்க்கலாம் என்கிறார்.

பழைய பப் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். வைட்கேட் டிரைவில் சேடில் இன், 18ஆம் நூற்றாண்டுப் பிறப்பு, சின்ன அறைகள், மரத் தடுப்புகள். அதற்குக் கடல் தெரியாது, ஆகவே பிழைத்துக்கிடக்கிறது. சாப்பாடும் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போக முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பப்புக்கு பப் விதி மாறும். ஒரு காலத்தில் 14 வயதுக்குக் கீழே பார் அறைக்குள் நுழையவே கூடாது. பிள்ளைகள் வாசல்படியில் லெமனேடும் சிப்ஸும் வைத்துக்கொண்டு அப்பா வரும் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

இல்லாததைத் தேடித்தான் போவேன் என்றால் டிராம் ஏறுங்கள். மான்செஸ்டர் ஸ்கொயர், கின் ஸ்கொயர், கேபின்: மூன்று நிறுத்தங்களும் பப் பெயரால் வந்தவை. கேபினில் இறங்கினால் கடல் பக்கம் தேடாதீர்கள், பழையது நின்ற மண்ணே இப்போது இல்லை. சாலையைக் கடந்து உள்பக்கம் வாருங்கள். சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நவம்பரில் அந்தப் பாறை மேல் காற்று சும்மா விடாது.